பதக்கம் யாருக்கு?

பொங்கல் நாளையொட்டி நாளேட்டைப் பிரிக்கிறீர்கள். கரும்பும் மஞ்சளும் சிரிக்கும் பக்கத்துக்கு அடுத்து, ஒரு மூலையிலே, சின்னஞ்சிறு எழுத்திலே ஒரு செய்தி: காவல்துறையினருக்கு முதலமைச்சரின் பதக்கங்கள் அறிவிப்பு! கண் அதன்மீது படுகிறது, நிற்கவில்லை, நழுவி ஓடுகிறது. "யாருக்கோ பதக்கம், எவருக்கோ பாராட்டு, நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

"நமக்கென்ன?" என்ற அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் ஓர் உண்மையை ஒளிக்காமல் ஒப்புக்கொள்வோம். போலீஸ்காரரைப் பாராட்டுங்கள் என்று எவரேனும் சொன்னால், நம் கை தட்டுவதற்காக எழுவதில்லை. பழைய தழும்பைத் தடவிப் பார்ப்பதற்காகத்தான் எழுகிறது. கொடி பிடித்த கையிலே குண்டாந்தடி விழுந்திருக்கிறது. முழக்கமிட்ட வாயை மூடச்சொல்லி மிரட்டியிருக்கிறார்கள். லாரியிலே ஏற்றி, கல்யாண மண்டபத்திலே அடைத்து, மாலையிலே விடுதலை என்று சொல்லி நள்ளிரவிலே வழக்குப் போட்டிருக்கிறார்கள். இவற்றையெல்லாம் மறந்துவிடு என்று எவரும் சொல்ல முடியாது, நானும் சொல்லப்போவதில்லை.

நாடகம் எழுதுகிறவன் நான். என் நாடகங்களிலே போலீஸ்காரர் வந்தால், அவருக்கு வசனமே தேவைப்படாது. தொந்தி, தொப்பி, தொங்கு மீசை மூன்றும் போதும்; கொட்டகை குலுங்கிச் சிரித்துவிடும். அவர் கைநீட்டினால் ஒரு சிரிப்பு. கடைக்காரர் வாழைப்பழச் சீப்பை ஒளித்தால் இன்னொரு சிரிப்பு. மக்கள் சிரித்தது என் எழுத்தின் வலிமையால் அல்ல. அவர்கள் தெருவிலே கண்ட காட்சி மேடையிலே வந்தது என்பதால். அதையும் நான் அறிவேன்.

ஆயினும், மேடையிலே நான் ஒருநாளும் ஏற்றாத ஒரு போலீஸ்காரர் உண்டு. ஏற்றியிருக்க வேண்டியவர். ஏற்றாதது மட்டுமல்ல, ஏசவும் செய்தேன். அந்தக் கடனைத் தீர்க்காமல் இந்தக் கட்டுரையை மேலே எழுத என் பேனாவுக்கு உரிமையில்லை.

பத்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டுவிட்டு, மேடையே பல்கலைக்கழகம், மக்களே ஆசிரியர் என்று நான் ஊர் ஊராகத் திரிந்த காலம். எங்கள் கிளையிலே ஓர் இளைஞன் இருந்தான். துடிப்புள்ளவன், நாளை நல்ல பேச்சாளன் ஆவான் என்று நான் நம்பியவன். ஓர் இரவு, மோட்டார் சைக்கிளிலே பறந்து வந்தவன், பூ விற்றுவிட்டுக் கூடையோடு வீடு திரும்பிய ஒரு மூதாட்டியை இடித்துத் தள்ளிவிட்டான். நிற்கவில்லை, போய்விட்டான். மறுநாள் காலை அவனைக் காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்றார்கள்.

செய்தி வந்தது. பன்னிரண்டு பேர் திரண்டோம். தோளிலே துண்டு, வாயிலே வீரம், நெஞ்சிலே நியாயம் இருக்கிறதா என்று எவரும் பார்க்கவில்லை. நிலையத்திலே ஒரு சப்-இன்ஸ்பெக்டர். என்னைவிடச் சில ஆண்டுகளே மூத்தவர்.

"பையனை அனுப்பிவிடுங்கள், சார். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றேன்.

"யாரைப் பார்த்துக்கொள்வீர்கள்? பையனையா, பாட்டியையா?" என்று கேட்டார் அவர்.

"நாங்கள் யாரென்று தெரியுமல்லவா?"

"தெரியும், உட்காருங்கள். வழக்குப் பதிவாகிவிட்டது. ஜாமீனுக்கு வக்கீலை அழைத்து வாருங்கள். பையன்மீது ஒரு விரல்கூடப் படவில்லை. அவனையே கேட்டுப் பாருங்கள்."

அவ்வளவுதான் அவர் பேசியது. குரலை உயர்த்தவில்லை. நாங்கள் உயர்த்தினோம். அன்று மாலையே தெருமுனையிலே கூட்டம் போட்டோம். ஒலிபெருக்கியின் முன்னே நின்று நான் அந்த மனிதரைக் கிழித்தேன், தோழர்களே, கிழித்தேன்! "காக்கிச் சட்டைக்கு உள்ளே கல்நெஞ்சம்" என்றேன், கைதட்டினார்கள். "ஏழை வீட்டுப் பிள்ளையை வாட்டும் எமன்" என்றேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள். இடிபட்டுக் கிடந்தவளும் ஏழை வீட்டுக் கிழவிதான் என்பது, என் அடுக்குமொழியின் எந்த அடுக்கிலும் இடம்பெறவில்லை.

மூன்றே மாதத்தில் அவருக்கு மாறுதல் வந்தது. "பார்த்தாயா, நம் பேச்சின் வேகத்தை!" என்று தோழர்கள் என் தோளைத் தட்டினார்கள். நானும் நிமிர்ந்து நடந்தேன்.

ஓராண்டு கழித்து, அந்த மூதாட்டியைக் கடைத்தெருவிலே கண்டேன். காலைச் சற்றே இழுத்து நடந்தாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. பூ வாங்கிக்கொண்டே, "கால் எப்படி ஆயிற்று, அம்மா?" என்றேன். அவள் சொன்னாள்: "வண்டிக்காரன் போய்ட்டான், ராசா. போலீசுக்காரப் பிள்ளை ஒண்ணு ஜீப்புல தூக்கிப் போட்டுக்கிட்டுப் போச்சு. விடியிற வரைக்கும் ஆஸ்பத்திரி வாசல்லயே நின்னுச்சு. அந்தப் பிள்ளையை எங்கேயோ மாத்திட்டாங்களாமே!"

நான் வாங்கிய பூவின் மணம் அன்று எனக்குத் தெரியவில்லை.

தோழர்களே! அந்த மனிதர் செய்தவை மூன்று. விழுந்தவளைக் காத்தார். கூட்டமாக வந்த எங்களைக் கண்டு அஞ்சாமல் வழக்கைப் பதிந்தார். பிடிபட்டவனை அடிக்காமல் விசாரித்தார். காத்தல், அஞ்சாமை, அடியாமை. ஒரு காவலரின் கடமை முழுவதும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடுகிறது. இந்த மூன்றுக்கும் அவருக்குக் கிடைத்த பதக்கம் எது? மாறுதல் ஆணை!

இப்போது அரசு தரும் பதக்கங்களைப் பார்ப்போம்.

குடியரசுத் தலைவரின் பெயரால் வழங்கப்படும் காவல் பதக்கங்கள், 1951ஆம் ஆண்டு மார்ச் முதல் நாளிலே ஏற்படுத்தப்பட்டவை. குடியரசு நாளிலும் விடுதலை நாளிலும் அவற்றுக்கான பட்டியல் வெளியாகிறது. நம் மாநிலத்திலே அறிஞர் அண்ணாவின் பிறந்த நாளான செப்டம்பர் 15ஐ ஒட்டி அண்ணா பதக்கங்கள் உண்டு. கள்ளச்சாராயத்தை ஒடுக்கியவர்களுக்குக் காந்தியடிகள் காவலர் பதக்கம் உண்டு. அதனோடு 40,000 ரூபாய் பரிசும் உண்டு. புலன்விசாரணையிலே திறம் காட்டியவருக்குத் தனிப் பதக்கம் உண்டு. பொங்கலையொட்டி வருவதோ அடிமட்டக் காவலருக்கு உரியது. 2024ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு, இரண்டாம் நிலைக் காவலர் முதல் சிறப்பு உதவி ஆய்வாளர் வரையிலான 3,000 பேரும், தீயணைப்பு, சிறைத் துறைப் பணியாளர்கள் உள்ளிட்டோரும் சேர்ந்து, 3,184 பேருக்குப் பதக்கம் அறிவிக்கப்பட்டது. பதக்கம் பெற்றவருக்கு மாதம் 400 ரூபாய் பதக்கப்படி.

நானூறு ரூபாய்தானா என்று நகைக்காதீர்கள். ஒரு ஏட்டையாவின் வீட்டிலே, அலமாரியின் மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள்ளே அந்தப் பதக்கம் இருக்கும். விருந்தினர் வந்தால் அவர் மனைவி அதைத் துடைத்துக் காட்டுவார். "அப்பாவுக்குக் கொடுத்தார்கள்" என்று பிள்ளை சொல்லும். அந்த ஒரு சொல்லுக்கு விலையில்லை. பதக்கம் என்பது பித்தளையோ வெள்ளியோ அல்ல. "உன்னை நாடு பார்த்துக்கொண்டிருக்கிறது" என்று நாடு சொல்லும் வாக்கு.

அந்த வாக்கு உரியவருக்குப் போய்ச் சேர வேண்டும். காத்தலுக்குப் போகிறது, போகவேண்டியதுதான். மறுப்பாரில்லை.

2021 நவம்பர் மாதம், சென்னையைப் பெருமழை புரட்டிப்போட்ட நேரம். கீழ்ப்பாக்கத்துக் கல்லறைத் தோட்டத்திலே மரம் முறிந்து கிடக்கிறது. ஓர் இளைஞர் நினைவிழந்து கிடக்கிறார். ஆய்வாளர் இராசேசுவரி என்ற அம்மையார், ஆளுக்காகக் காத்திராமல், வாகனத்துக்காக ஏங்காமல், அவரைத் தம் தோளிலே தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார். ஆட்டோவிலே ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பினார். அந்தக் காட்சியை நாடே கண்டது. முதலமைச்சர் அவரை அழைத்துப் பாராட்டுச் சான்று தந்தார்.

அதே நவம்பர் மாதத்தின் 21ஆம் நாள். திருச்சி மாவட்டம் நவல்பட்டுக் காவல் நிலையத்தின் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன், நள்ளிரவு கடந்த வேளையிலே ஆடு திருடிகளைத் தம் வண்டியிலே துரத்துகிறார். மாவட்ட எல்லை கடந்துவிட்டது. "இனி இது என் எல்லையில்லை" என்று அவர் திரும்பவில்லை. புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் அருகே அவர்களை மடக்கினார். அங்கேயே வெட்டிக் கொல்லப்பட்டார். எதற்காக? தங்கக் கட்டிக்காகவா? வைரத்துக்காகவா? ஆட்டுக்காக! நகரத்தார்க்கு அது வெறும் ஆடு. ஒரு குடிசைக்கு அதுதான் வங்கி. அதுதான் மகளின் கல்யாணச் சீர். அதுதான் மழை பொய்த்த ஆண்டின் கஞ்சி. அந்தக் குடிசையின் வங்கியைக் காக்க உயிரைக் கொடுத்தார் அந்த மனிதர். அரசு அவர் குடும்பத்துக்கு ஒரு கோடி ரூபாய் அளித்தது.

அதற்கு முந்தைய ஆண்டு, 2020 சனவரி 8ஆம் நாள், குமரி மாவட்டம் களியக்காவிளைச் சோதனைச் சாவடியிலே, காவல் நின்ற சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இவர்களுக்குத் தலை வணங்காத கட்சிக்காரன், தலை இருந்தும் இல்லாதவன். இவர்கள் பெரும் பதவியிலே இருந்தவர்களா? சிறப்பு உதவி ஆய்வாளர் என்றால் யார்? காவலராய்ச் சேர்ந்து, ஆண்டுக்கணக்கிலே வெயிலிலும் மழையிலும் நின்று, முடி நரைக்கும் வேளையிலே தோளிலே நட்சத்திரம் பெறுகிறவர். நம் தெருவிலே, நம் கிளையிலே, கொடி கட்டுகிற தோழனுக்கும் அவருக்கும் குடும்பத்திலே, கஞ்சியிலே, கடனிலே வேறுபாடு இல்லை.

ஆனால், நான் சொன்ன மூன்றிலே மற்ற இரண்டு என்ன ஆயின? அஞ்சாமைக்கும் அடியாமைக்கும் பதக்கம் எங்கே?

2020 சூன் மாதத்துக்கு வாருங்கள். தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம். ஊரடங்கு நேரம் கடந்து கடை திறந்திருந்ததாகச் சொல்லி ஒரு தந்தையையும், பின்னாலேயே போன மகனையும் நிலையத்திலே வைத்தார்கள். சூன் 22ஆம் நாளும் 23ஆம் நாளும் இருவரும் அடுத்தடுத்து உயிரிழந்தனர். உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விசாரிக்கச் சொல்லி, நீதித்துறை நடுவர் அந்த நிலையத்துக்கு வந்தார். அவருக்கே அங்கு ஒத்துழைப்பில்லை, அவரையே அவமதித்தார்கள். கண்காணிப்புக் காமிராவின் பதிவுகள் அன்றன்றே அழியும்படி அமைக்கப்பட்டிருந்தன.

அந்த நிலையத்திலே ஒரு பெண் தலைமைக் காவலர் இருந்தார். வெளியே சக காவலர்கள் நிற்கிறார்கள். உள்ளே நடுவர் கேட்கிறார். அவருக்கு அச்சம், கை நடுங்குகிறது. வீட்டிலே குழந்தைகள். நாளையும் இதே நிலையத்துக்கு, இதே மனிதர்களிடையே வரவேண்டும். வாயைத் திறந்தால் வாழ்வு போகும். மூடினால் எவரும் குறை சொல்லப்போவதில்லை. அவர் வாயைத் திறந்தார்! இரவு முழுவதும் அடித்தார்கள் என்றார். தடியிலும் மேசையிலும் இரத்தக்கறை என்றார். தயங்கித் தயங்கி, கடைசியிலே கையெழுத்தும் இட்டார். அவருக்குப் பாதுகாப்பு அளிக்க நீதிமன்றமே ஆணையிட வேண்டியிருந்தது.

1973ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டுக் காவல்துறையிலே முதன்முதலாகப் பெண்கள் சேர்க்கப்பட்டபோது, ஒரு சப்-இன்ஸ்பெக்டர், ஒரு ஏட்டு, 20 காவலர், ஆக 22 பேர். "பெண்ணாவது, போலீசாவது!" என்று அன்று சிரித்தவர் உண்டு. அந்த வழியிலே வந்த ஒரு பெண், ஆண்கள் நிறைந்த நிலையத்திலே அத்தனை பேரும் விழுங்கிய உண்மையைத் தனியொருத்தியாய் வெளியே எடுத்து வைத்தார். துப்பாக்கியின் முன்னே நெஞ்சைக் காட்டுவது வீரம். கூடப் பணிபுரிவோரின் முறைப்பின் முன்னே உண்மையைக் காட்டுவது அதனினும் பெரிய வீரம். முன்னதிலே எதிரி ஒருவன். பின்னதிலே எல்லோரும் எதிரி.

பாடம் கற்றோமா? 2025 சூன் மாதத்திலே சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் வட்டாரத்திலே கோயில் காவலாளியான ஓர் இளைஞர், நகை காணாமற்போன புகாரிலே விசாரணை என்ற பெயரால் அடிக்கப்பட்டு மாண்டார். போலீஸ்காரர்கள் கைதானார்கள், வழக்கு மத்தியப் புலனாய்வுக்குப் போனது. அந்த இளைஞரைச் சுற்றி நின்றவர்களிலே ஒரே ஒருவர், "போதும், நிறுத்துங்கள்" என்று தடியைப் பிடித்திருந்தால்? ஓர் உயிர் பிழைத்திருக்கும். அப்படிப் பிடிக்கும் கைக்கு என்ன தருகிறோம் என்று நாம் முன்கூட்டியே சொல்லியிருக்கிறோமா?

இதை நான் ஏதோ புதுக் கோரிக்கையாகச் சொல்லவில்லை. தமிழகக் காவல்துறையின் பிறப்பே இந்தக் கேள்வியிலிருந்துதான் வந்தது.

சென்னை மாகாணத்திலே வெள்ளையர் கம்பெனியின் வரியைக் கட்டமுடியாத உழவனை என்ன செய்தார்கள் தெரியுமா? விரல்களைக் கட்டைகளுக்கு இடையே வைத்து நெரிக்கும் கிட்டி! கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்து வெயிலிலே குனிய வைக்கும் அண்ணாந்தாள்! வரி வசூலிப்பவனும் அவனே, போலீசும் அவனே. இந்தக் கொடுமை இலண்டன் நாடாளுமன்றத்திலே எதிரொலித்தது. மூவர் கொண்ட ஆணையம் அமைக்கப்பட்டு, 1855ஆம் ஆண்டிலே அறிக்கை தந்தது. சித்திரவதை உண்மை என்றது. கார்ல் மார்க்ஸ், 1857ஆம் ஆண்டிலே நியூயார்க் ஏடொன்றிலே இந்தியச் சித்திரவதை பற்றி எழுதியபோது, இந்த அறிக்கையையும் சான்றாக எடுத்தாண்டார். அதன் பின்னரே வரி வசூல் வேறு, காவல் வேறு என்று பிரித்து, 1859ஆம் ஆண்டிலே மதராஸ் மாவட்டக் காவல் சட்டம் பிறந்தது. அந்தச் சட்டத்தின் நினைவாகத்தான் செப்டம்பர் 6ஆம் நாள் காவலர் நாளாகக் கொண்டாடப்படும் என்று 2025 ஏப்ரலிலே சட்டமன்றத்திலே அறிவிக்கப்பட்டது.

எண்ணிப் பாருங்கள்! காவலர் நாள் என்பது ஒரு படையின் வெற்றி நாளன்று. கிட்டியை ஒழிக்கவேண்டும் என்ற குரல் எழுந்தபின் பிறந்த சட்டத்தின் நாள். அந்த நாளிலே அடிக்காமல் விசாரித்த காவலருக்கு, உண்மையை மறைக்காமல் சொன்ன காவலருக்கு ஒரு பதக்கம் இல்லாவிட்டால், அந்த நாளுக்குப் பொருள் ஏது?

கள்ளச்சாராயத்தை ஒழிப்பவருக்கென்று காந்தியடிகள் பெயரிலே தனிப் பதக்கம் வைக்க முடிந்ததல்லவா? ஏன் வைத்தார்கள்? சாராயத்தைப் பிடிப்பவனுக்குக் காசு ஆசையும் வரும், கத்தி மிரட்டலும் வரும். இரண்டையும் வெல்பவனைத் தனியே பாராட்ட வேண்டும் என்ற எண்ணத்தால். அதே எண்ணம் காவல் நிலையத்தின் உள்ளறைக்கும் பொருந்தும். அங்கேயும் ஆசை வரும்: ஓர் அடி அடித்தால் வழக்கு விரைவிலே முடிந்துவிடும் என்ற ஆசை. அங்கேயும் மிரட்டல் வரும்: மேலிடத்திலிருந்து தொலைபேசி. ஆகவே, காவலர் நாளாகிய செப்டம்பர் 6இலே, மனித மாண்பைக் காத்த காவலருக்கென்று ஒரு தனிப் பதக்கம் வேண்டும். பெறுகிறவர் பெயரோடு, எந்தச் செயலுக்காகத் தரப்படுகிறது என்பதையும் வெளியிட வேண்டும். வெறும் பெயர்ப் பட்டியல் ஊருக்கு எதையும் கற்பிக்காது. செயலின் கதைதான் கற்பிக்கும்.

சட்டத்தை எழுதுவோர் செய்யவேண்டியது இது. ஆனால் நாம் செய்யவேண்டியது ஒன்று உண்டு, அதுதான் கடினம்.

நேர்மையான அதிகாரிக்கு எதிரான ஆயுதம் கத்தியல்ல, மாறுதல். இதை உணர்ந்துதான் உச்சநீதிமன்றம், 2006 செப்டம்பரிலே பிரகாஷ் சிங் வழக்கிலே, காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் நிலையான பணிக்காலம் வேண்டும் என்றது. புலன்விசாரணையைச் சட்டம் ஒழுங்குப் பணியினின்றும் பிரிக்கச் சொன்னது. தீர்ப்பு எழுதினவர் நீதிபதி. அதைக் காகிதமாக்குகிறவர் யார்? "அந்த இன்ஸ்பெக்டர் நமக்கு ஒத்துவரவில்லை" என்று மாவட்டத் தலைவரிடம் போய் முறையிடுகிற கிளைக்காரர்! நானும் முறையிட்டிருக்கிறேன். நீங்கள்? நெஞ்சிலே கைவைத்துச் சொல்லுங்கள்.

ஆளும் நாளிலே ஆய்வாளரை மாற்றத் துடிக்கிறோம். ஆளாத நாளிலே "ஏவல் துறை" என்று ஏசுகிறோம். காவல்துறையை ஏவல்துறை ஆக்குவது எது? நம் ஏவல்தான்! ஏவுகிறவன் இல்லாமல் ஏவல் எங்கிருந்து வரும்?

ஆகவே, தோழர்களே, உங்கள் ஊரிலே உங்கள் கையாலே கொடுக்கக்கூடிய பதக்கங்கள் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, அவரை நம் மேடையிலே ஏற்றிப் பொன்னாடை போர்த்தாதீர்கள். அது பாராட்டன்று, அவர்மீது பூசும் வண்ணம். நம் துண்டை ஏற்றுக்கொண்டவர், நாளை நம் எதிர்க்கட்சிக்காரர் புகார் கொண்டுவந்தால் எந்த முகத்தோடு எழுதுவார்? அன்பளிப்பும் வேண்டாம், விருந்தும் வேண்டாம். அரசுப் பணியாளரின் நடத்தை விதிகளும் அதை ஏற்பதில்லை.

இரண்டாவது, கடிதம் எழுதுங்கள். ஒரு காவலர் நல்லது செய்தால், என்ன நாள், என்ன இடம், என்ன செயல் என்று நான்கே வரியிலே எழுதி, மாவட்டக் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். புகார் எழுதத் தெரிந்த கைக்குப் பாராட்டு எழுதத் தெரியாதா? நாம் போடும் மனுக்களில் பத்துக்கு ஒன்றேனும் இப்படிப் போனால், அந்த ஒன்று, பதக்கப் பட்டியல் தயாரிக்கும் மேசைக்கு ஊரின் குரலைக் கொண்டு சேர்க்கும். 2017ஆம் ஆண்டுக்கான நாட்டின் சிறந்த காவல் நிலையமாகக் கோவை ஆர்.எஸ்.புரம் நிலையமும், 2020ஆம் ஆண்டுக்கான தரவரிசையிலே இரண்டாவதாகச் சேலம் சூரமங்கலம் மகளிர் நிலையமும் தேர்வு பெற்றனவே, அவற்றை மதிப்பிட்டபோது பொதுமக்களின் கருத்தும் கணக்கிலே சேர்ந்தது. மக்கள் கருத்துக்கு மதிப்புண்டு, சொல்லத்தான் ஆளில்லை.

மூன்றாவது, தெருமுனைக் கூட்டத்திலே பெயரைச் சொல்லுங்கள். ஏசுவதற்கு மட்டும் பெயர் சொல்லும் பழக்கத்தை விடுங்கள். "நேற்று நம் தெருவிலே காணாமற்போன குழந்தையைத் தேடிக் கொண்டுவந்து சேர்த்த ஏட்டையா இன்னார்" என்று ஒரு வாக்கியம் போதும். அதைக் கேட்கும் இன்னொரு ஏட்டையா, நாளைக்கு இன்னும் சற்று வேகமாக நடப்பார்.

நான்காவது, அவர் உரிமைக்காக நாம் பேசுவோம். காவலருக்குச் சங்கம் இல்லை. கொடி பிடிக்க முடியாது. கோரிக்கை முழங்க முடியாது. வாரத்தில் ஒருநாள் ஓய்வு என்று 2021ஆம் ஆண்டிலே அரசு ஆணையிட்டது. உங்கள் நிலையத்துக் காவலருக்கு அந்த ஒருநாள் உண்மையிலேயே கிடைக்கிறதா என்று கேளுங்கள். பதினாறு மணிநேரம் நின்றவன் கண்ணிலே கனிவை எதிர்பார்ப்பதும், பட்டினி கிடப்பவனிடம் பாட்டை எதிர்பார்ப்பதும் ஒன்று.

ஐந்தாவது, இதுதான் எல்லாவற்றிலும் பெரிய பதக்கம்: அந்தத் தொலைபேசியை எடுக்காதீர்கள்! நம் தோழன் தவறு செய்தால் வக்கீலோடு போங்கள், கூட்டத்தோடு போகாதீர்கள். அவனை அடிக்கிறார்களா என்று பாருங்கள். அடித்தால் நடுவர் நீதிமன்றம் வரை போராடுங்கள். அது நம் கடமை. ஆனால், "வழக்குப் போடாதே" என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. நம்மிடம் "முடியாது" என்று சொன்ன காவலரை மாற்றச் சொல்லாமல் விட்டுவிட்டோமானால், அதைவிடப் பெரிய பதக்கத்தை எந்த அரசும் அவருக்குச் சூட்ட முடியாது.

தழும்பை மறக்கச் சொல்லவில்லை என்று தொடக்கத்திலே சொன்னேன். முடிவிலும் அதையே சொல்கிறேன். அடித்த கையைக் கண்டிப்போம். ஆனால், அடிக்காத கையைக் கண்டுபிடிக்காமல் அடித்த கையை மட்டுமே பேசிக்கொண்டிருந்தால், நிலையத்திலே இருக்கும் இளங்காவலர் என்ன நினைப்பார்? "நல்லவனாய் இருந்தாலும் ஏச்சுத்தான், கெட்டவனாய் இருந்தாலும் ஏச்சுத்தான், பிறகு நல்லவனாய் இருந்து என்ன கண்டேன்?" என்று நினைப்பார். அந்த நினைப்பு எந்த நிலையத்திலே முளைக்கிறதோ, அந்த நிலையத்திலேதான் அடுத்த சாத்தான்குளம் முளைக்கும்.

எங்கள் கிளையின் அந்த இளைஞன் இன்று பேச்சாளனாகவே ஆகிவிட்டான். நன்றாகப் பேசுகிறான். அவன் உடம்பிலே ஒரு தழும்பும் இல்லை. அந்தத் தழும்பில்லாத உடம்புதான், நான் ஏசிய அந்த மனிதர் எங்கள் கட்சிக்கு விட்டுச் சென்ற நன்கொடை. அதற்கு நாங்கள் அவருக்கு ஒரு மாலைகூடப் போடவில்லை. மாறுதலைத்தான் வாங்கித் தந்ததாக மார்தட்டினோம்.

என் அடுத்த நாடகத்திலே ஒரு போலீஸ்காரர் வருகிறார். தொந்தியில்லை; தொங்கு மீசையில்லை. மேசைக்குப் பின்னே அமர்ந்திருக்கிறார். துண்டு போட்ட பன்னிரண்டு பேர் உள்ளே நுழைகிறார்கள். அவர் நிமிர்ந்து பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: "யாரைப் பார்த்துக்கொள்வீர்கள்? பையனையா, பாட்டியையா?"

கொட்டகை சிரிக்குமா, கைதட்டுமா? அது உங்களிடம் இருக்கிறது, தோழர்களே!